எதிரிக்கு எத்தனை வீடு!

சொல் விசாரணை: வாசகர் கேள்வி – பதில்

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழிலும் மலையாளத்திலும் பத்திரம் எழுதுகிற அக்கா பதில் சொல்கிறார்.)

அக்கா, நான் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் படிக்கிறேன். அங்கே எதிரிக்கு 'ஃபைண்ட்', நண்பனுக்கு 'ஃப்ராய்ண்ட்'. இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுகிறது. பரீட்சையில் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயம். இங்கிலீஷில் பேய் பிசாசைச் சொல்லும் 'ஃபீண்ட்' என்ற சொல்லும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

கண்ணு, முதலில் பயத்தை விடு. உன் காதில் கோளாறு இல்லை. அந்த இரண்டு சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. அச்சு எது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் தூக்கத்தில் கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டாய்.

ஃபைண்டும் ஃபீண்டும் ஒரே சொல்தான். டச்சுக்காரர் 'வையண்ட்' என்கிறார், சுவீடன்காரர் 'ஃபீயெண்டெ' என்கிறார். இந்த வகையறாவில் நமக்கு எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய உருவம் காத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் இருக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் பைபிளைக் காத்திக்கில் எழுதினார். அதன் 6ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று, ஊதாச் சாயம் ஏற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதியது, சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் மத்தேயு 5:44. பழைய தமிழ் பைபிளில் 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்று வருமே, அந்த இடம். காத்திக்கில் அது மூன்றே சொல்: 'ஃப்ரியோத் ஃபியாண்ட்ஸ் இஸ்வரன்ஸ்'. இஸ்வரன்ஸ் என்றதும் கை கூப்பிவிடாதே, 'உங்களுடைய' என்றுதான் அர்த்தம்.

உன் குழப்பம் மொத்தமும் இந்த மூன்று சொல்லுக்குள் அடக்கம். 'ஃபியான்' என்றால் வெறு. அதன்மேல் 'ண்ட்' ஏறினால் வெறுக்கிற. ஆகவே ஃபியாண்ட்ஸ் என்றால் வெறுக்கிறவன். 'ஃப்ரியோன்' என்றால் நேசி. அதன்மேலும் அதே 'ண்ட்' ஏறி ஃப்ரியோண்ட்ஸ், நேசிக்கிறவன். முன்னது ஜெர்மனில் ஃபைண்ட் ஆனது, பின்னது ஃப்ராய்ண்ட் ஆனது. வகுப்பில் 'பார்ட்டிட்சிப் ஐன்ஸ்' என்று ஒரு பாடம் வந்திருக்குமே, 'ரைசன்' என்றால் பயணம் போ, 'ரைசெண்ட்' என்றால் பயணம் போகிற என்று? அதே 'ண்ட்'தான் இது. வினையிலிருந்து பிறந்த சொற்கள் இவை என்பதை ஜெர்மன்காரர்களே மறந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. வால் மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

நேசிக்கிறவனைப் பிடித்துக்கொள்ள உனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அந்த 'ஃப்ரி'யும் வடமொழி 'ப்ரிய'வும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நாம் தினமும் சொல்கிற பிரியம்தான். பிரியத்தில் 'ர' இருக்கிறது, ஃப்ராய்ண்டிலும் 'ர' இருக்கிறது. 'ர' இல்லாதவன் எதிரி. பரீட்சைக்கு இவ்வளவு போதும். வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் சொல்லும் 'ஃப்ரைடாக்' கூட இந்த வீட்டுப் பெண்தான். ஃப்ரீயா என்ற தேவதையின் நாள் அது, பெயருக்குப் பிரியமானவள் என்று பொருள். நம் தமிழ்ப் 'பிரிவு'க்கும் இந்தப் பிரியத்துக்கும் உறவில்லை. பிரியாணிக்கும் இல்லை, அது பாரசீகத்தில் வறுத்தது என்று பொருள்படும் சொல். (இந்த இரண்டையும் யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.)

'ப' எப்படி 'ஃப' ஆனது என்று கேட்பாய். பிதா அங்கே ஃபாட்டர், பாதம் ஃபூஸ், பஞ்ச ஃபுன்ஃப். வடமொழியிலும் லத்தீனிலும் 'ப' நிற்கிற இடத்தில் ஜெர்மானிய மொழிகள் வரிசையாக 'ஃப' வைக்கும். டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்க் 1818இல் இதை எழுதினார். ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822இல் விதியாக வகுத்தார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம்தான். இது ஏதோ சீமைச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து வீட்டிலேயே நடந்திருக்கிறது. பாலக்காட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்களைக் கேட்டுப் பார். நம் பத்து அவர்களுக்கு ஹத்து, பால் ஹாலு, பூ ஹூவு. நம் பகை அவர்களுக்கு ஹகெ. தெலுங்கில் பக, மலையாளத்தில் பக. கன்னடம் மட்டும் 'ப'வை ஊதித் தள்ளிவிட்டது.

அந்த 'ஃபியான்', அதாவது வெறு, அதற்கும் வடமொழியில் உறவு உண்டு. வேதத்தில் 'பீயதி' என்று வருகிறது, ஏசுகிறான், இகழ்கிறான் என்று பொருள். பிரியத்தை எடுத்துக்கொண்ட தமிழ் இதைத் தொடவில்லை. நல்லதாகப் போயிற்று, நம் காதுக்கு அது வேறு மாதிரி விழுந்திருக்கும்.

நீ நர்ஸ் என்பதால் இன்னொன்று. இந்த வேருக்கு அடியில் இருக்கிற பழைய பொருள் நோகச் செய்தல், துன்புறுத்தல். லத்தீனில் 'பாட்டியென்ஸ்' என்றால் துன்பப்படுகிறவன், நோவைத் தாங்குகிறவன். அதிலிருந்து வந்ததுதான் 'பேஷண்ட்'. இதையும் அதே வேரின் கீழ்தான் பல சொற்பிறப்பு அகராதிகள் வைக்கின்றன. கடைசியில் இருக்கிற 'ண்ட்'டும் உன் ஃபைண்டில் இருக்கிற அதே வால்தான். ராத்திரி மூன்று மணிக்குப் பெல் அடித்துக்கொண்டே இருக்கிற பேஷண்டைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாது. அகராதியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை.

சரி, ஜெர்மனில் வெறும் எதிரியாக இருப்பவன் இங்கிலீஷில் எப்படிப் பிசாசு ஆனான்? பழைய இங்கிலீஷில் 'ஃபேயோண்ட்' என்றால் சாதாரண எதிரிதான், வாளோடு வந்து நிற்கிறவன். பாதிரிமார் சாத்தானை 'அந்த எதிரி' என்றே சொல்லிவந்தார்கள். சாத்தான் என்ற எபிரேயச் சொல்லுக்கே எதிராக நிற்பவன் என்றுதான் பொருள். ஜெர்மனியில் சர்ச்சைச் சீர்திருத்திய லூதரின் புகழ்பெற்ற பாட்டிலும் பிசாசு 'பழைய பொல்லாத ஃபைண்ட்' என்றுதான் வருகிறது. ஆனால் ஜெர்மனில் அவன் இரண்டு வேலையும் பார்த்தான். இங்கிலாந்தில் 1066இல் நார்மன்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களோடு பிரெஞ்சும் வந்தது. 'எனமி' என்ற பிரெஞ்சுச் சொல் உள்ளே நுழைந்து போர்க்களத்து எதிரியை எடுத்துக்கொண்டது. ஃபீண்டுக்கு மிஞ்சியது நரகம் மட்டும்.

ஆட்சி மாறினால் கோர்ட்டுப் பாஷைதான் முதலில் மாறும். சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, 1949இல் திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி), 1956இல் கேரளம். மூன்று காலத்துப் பத்திரமும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. நிலம் அதே நிலம், நாலு எல்லையும் அதே எல்லை. சொற்கள்தான் ஒவ்வொரு தடவையும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும். பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு இங்கிருந்து மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் போயிற்று. அதில் அவர் 'எதிர்கக்ஷி'. "அம்மா, நான் எந்தக் கட்சியிலும் இல்லீங்களே!" என்று பதறிக்கொண்டு வந்தார். வழக்கில் எதிர்த்தரப்பு என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சொன்ன பிறகே பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த 'எனமி'யைப் பிரித்தால் லத்தீன் 'இன்-அமிக்குஸ்', நண்பன் அல்லாதவன். வடமொழியில் 'அமித்ர', அதுவும் அப்படியே. சங்கத் தமிழுக்கும் இந்த வழி நன்றாகத் தெரியும். ஒன்றாதவர் ஒன்னார், நண்ணாதவர் நண்ணார். ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது குறள் 759இல் வரும் 'செறுநர்'. செறு என்றால் சின, வெறு. அதைச் செய்கிறவர் செறுநர். ஃபியாண்ட்ஸ் எப்படிக் கட்டப்பட்டதோ அதே கட்டுமானம், வேர் வேறு, மொழிக் குடும்பமும் வேறு. ஒருவரிடம் ஒருவர் வாங்கியதில்லை. 'அல்லாதவன்' என்று சொல்வதைவிட இதில் நேர்மை இருப்பதாக எனக்குப் படும். எதிரி இன்னது செய்கிறான் என்று நேராகச் சொல்கிறது.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது, கண்ணு.

கோர்ட்டில் 'ஹோஸ்டைல் விட்னஸ்' என்கிறார்கள். ஹோஸ்ட் என்றால் விருந்து கொடுப்பவர்தானே? நான் லாட்ஜ் நடத்துகிறவன், அதனால் கேட்கிறேன்.
– ஒரு வாசகர், பாலக்காடு

லாட்ஜ் நடத்துகிறவருக்கு வரவேண்டிய சந்தேகம்தான் வந்திருக்கிறது, அண்ணா. லத்தீனில் 'ஹோஸ்டிஸ்' என்றால் எதிரி. அதற்கும் முந்தைய பொருள் அயலான், வெளியூர்க்காரன். அதே வேர் ஜெர்மானியப் பக்கம் போய் 'காஸ்ட்' ஆனது. ஜெர்மனில் விருந்தாளிக்கு இன்றும் காஸ்ட்தான், இங்கிலீஷில் கெஸ்ட். வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து நிற்கிறான். ஒரு வீட்டில் திண்ணையைக் காட்டினார்கள், இன்னொரு வீட்டில் கம்பைக் காட்டினார்கள். சொல் இரண்டு பக்கமும் வளர்ந்துவிட்டது.

லத்தீனிலேயே அயலானுக்கு இடம் கொடுக்கிறவன் 'ஹோஸ்பெஸ்'. ஹோஸ்ட், ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் எல்லாம் அந்தத் திண்ணையிலிருந்து இறங்கியவை. நம் ஆஸ்பத்திரியும் மலையாளத்து ஆசுபத்ரியும் அதற்குப் பேரன் பேத்திகள். ஜெர்மனி 1955இல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு வெளிநாட்டிலிருந்து வேலைக்கு ஆள் எடுத்தது. அப்படி வந்தவர்களை 'காஸ்ட்ஆர்பைட்டர்' என்று அழைத்தார்கள், விருந்தாளி வேலைக்காரர். விருந்தாளி என்று சொன்னதே, ஒருநாள் மூட்டை கட்டுவாய் அல்லவா என்று நினைவுபடுத்தத்தான் என்பது என் எண்ணம்.

ஹோஸ்டைல் விட்னஸ் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் பிறழ்சாட்சி. இங்கே 'கூறு மாறி' என்பார்கள். மலையாளத்தில் கூறு என்றால் விசுவாசம், பங்கும்தான். பங்கு மாறியவன் சாட்சியையும் மாற்றிவிட்டான். இதைவிடச் சுருக்கமாக ஒரு கிரிமினல் கேஸை யாரும் விளக்க முடியாது.

பங்காளி என்றால் உறவுக்காரனா, விரோதியா? என் மருமகள் மலையாளத்துப் பெண். கல்யாணப் பத்திரிகையில் 'ஜீவித பங்காளி' என்று போட்டிருந்ததைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திகைத்துப் போனார்கள்.
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

சிரித்துவிட்டேன், ஐயா. மலையாளத்தில் பங்காளி என்றால் கூட்டாளி, பங்கு கொள்கிறவர். ஜீவித பங்காளி என்றால் வாழ்க்கைத் துணை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மனைவி, அந்தப் பக்கம் போனால் வரப்பை வெட்டுகிற பெரியப்பா மகன்.

என் பிழைப்பில் பாதி பாகப்பத்திரம். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. வெளியாள் கிரயம் வாங்க வந்தால் கால் மணியில் கையெழுத்தாகிவிடும். அண்ணன் தம்பி வந்தால் முதலில் காப்பி வரும், அப்புறம் பழைய கதை வரும், அப்புறம் ஒருவர் எழுந்து வெளியே போவார். எதற்கு? நிலத்துக்கு என்று நினைப்பீர்கள். நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து கொடுத்துவிடலாம். சண்டை வருவது 'பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு தண்ணீர் பாத்தியமும், மோட்டார் பாத்தியமும், வண்டித்தட பாத்தியமும் உட்பட' என்ற வரியில். கிணற்றுக்கு எல்லைக்கல் நட முடியாது. எந்த நாள் யாருடைய முறை, கரண்டு போன நாளுக்கு யார் ஈடு செய்வது, மோட்டார் எரிந்தால் காயில் கட்டுகிற காசு யார் தருவது? இதையெல்லாம் எழுது என்று ஒருவர் நிற்பார், எழுதாதே என்று ஒருவர் நிற்பார். எழுதச் சொல்பவர்தான் சந்தேகக்காரர் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நான் எழுதச் சொல்பவர் பக்கம். எழுதாமல் விட்ட பாத்தியம் பத்து வருஷத்தில் கேஸாகத் திரும்பி வரும்.

தமிழ் அகராதி பகையைப் 'பகு' என்பதன் கீழ் வைக்கிறது. பகு என்றால் பிரி, பங்கிடு. பகுதி, பகிர்வு எல்லாம் அந்தக் கிளைதான். பங்கிடப் போய்ப் பகை வந்தது என்று அகராதி வாயால் சொல்லாவிட்டாலும் பக்கத்தைப் புரட்டினால் தெரிகிறது.

வடமொழியில் 'பிராத்ருவ்ய' என்று ஒரு சொல் உண்டு. பிராத்ரு என்றால் சகோதரன். பிராத்ருவ்ய என்றால் அப்பாவின் சகோதரன் மகன், நம் கணக்கில் சுத்தமான பங்காளி. வேதகால யாக நூல்களில் இந்தச் சொல் வருகிற இடத்தில் எல்லாம் அவன் எதிரி. இன்ன ஆகுதி போட்டால் பிராத்ருவ்யனை ஜெயிக்கலாம் என்று வரும். வடமொழிக்கு இலக்கணம் எழுதிய பாணினியும் இந்தச் சொல்லுக்கு உறவுப் பொருளுக்கு ஒரு சூத்திரமும் எதிரிப் பொருளுக்கு அடுத்த சூத்திரமும் தனித்தனியாகப் போட்டுவைத்தார். பாரதக் கதையைப் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

பெரியவர்களிடம் சொல்லுங்கள், பத்திரிகையில் தப்பில்லை. மருமகள் சொன்னதுதான் அந்தச் சொல்லின் நல்ல பக்கம்.

பத்திரிகைகளில் தமிழ்நாட்டையும் கேரளாவையும் தண்ணீர் விஷயத்தில் 'ரைவல்' என்று எழுதுகிறார்கள். எங்கள் தென்னைக்கு வருகிற தண்ணீரில் ரைவல் எங்கே வந்தான்?
– ஒரு விவசாயி, எருத்தேம்பதி

அவன் தண்ணீரிலேயே பிறந்தவன், ஐயா. லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். 'ரீவாலிஸ்' என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவன். என் கற்பனை இல்லை. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த ரோமானியச் சட்டத் தொகுப்பில், உல்பியன் என்ற சட்ட அறிஞர் ரீவாலிஸ் யார் என்று விளக்கம் கொடுக்கிறார்: ஒரே ஓடை வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு பேர் போட்டி போடுவதற்கு அதே சொல்லை லத்தீன்காரர்கள் அப்போதே பயன்படுத்திவிட்டார்கள். இங்கிலீஷ் 'ரிவர்' இந்தக் குடும்பம் இல்லை, அது கரை என்று பொருள்படும் வேறு சொல்லிலிருந்து வந்தது. ஆனால் 'டெரைவ்' இந்தக் குடும்பம். ஓடையிலிருந்து கிளை வெட்டித் தண்ணீர் இழுப்பதுதான் அதன் பழைய பொருள்.

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அங்கிருந்து மூலத்தறைக்கு வந்து கால்வாய்களில் பிரிகிறது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மழை தப்பிய வருஷத்தில் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் கடிதம் பறக்கும், பேப்பரில் ரைவல் என்று வரும். ரோமானியச் சட்டத்தின்படி பார்த்தால் பேப்பர்காரர்கள் எழுதியது ரொம்பச் சரி. ஆனால் அந்த அர்த்தத்தில் உங்கள் வாய்க்காலில் உங்களுக்கு மேல்மடைக்காரரும் ரைவல்தான். மடை திருப்புகிற நேரத்தில் அவர் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தோட்டத்துப் பலாப்பழத்தைப் பார்த்து மலையாளி வியாபாரி 'எமண்டன் சக்க' என்றார். எங்கள் தாத்தா தந்திரக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்பார். இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகர், கோபாலபுரம்

ஒன்று என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் ஒரு துறைமுக ஊர். அந்த ஊர்ப் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாளிலிருந்து ஊரைக் காலி செய்து ரயில் ஏறியவர்கள் ஏராளம். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியது. சென்னை உயர் நீதிமன்றச் சுவரில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது.

வந்தது தெரியாமல் வந்து அடித்துவிட்டுப் போனதைத் தமிழ் பிடித்துக்கொண்டது, ஆகவே நமக்கு எம்டன் என்றால் கில்லாடி. மலையாளம் கப்பலின் உருவத்தைப் பிடித்துக்கொண்டது, அவர்களுக்கு எமண்டன் என்றால் மலை போல் பெரியது. திட்டுவதாக இருந்தாலும் இரண்டிலும் கொஞ்சம் மெச்சுதல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். சென்னையைச் சுட்ட கப்பலை யாரும் பிசாசு என்று சொல்லவில்லை.

அதே யுத்தத்தில் நிஜமாகவே எதிரி ஆக்கப்பட்டவர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். பாசல் மிஷன்காரர்கள். சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம், ஆட்களில் நிறைய பேர் ஜெர்மன்காரர்கள். மங்களூரிலிருந்து கோழிக்கோடு, பாலக்காடு வரை ஓட்டுக் கம்பெனியும் தறிக் கூடமும் வைத்திருந்தார்கள். இப்போதும் பழைய வீட்டைப் பிரிக்கும்போது ஓட்டின் அடியில் அவர்கள் முத்திரை தெரியும். யுத்தம் வந்ததும் எதிரி நாட்டார் என்று ஆட்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். தொழிற்சாலைகள் கைமாறி, 1919இல் லண்டனில் உண்டான காமன்வெல்த் டிரஸ்ட்டிடம் போயின. அந்த மிஷனைச் சேர்ந்த குண்டர்ட்தான் தலச்சேரியில் பல வருஷம் இருந்து, 1872இல் மலையாளத்துக்குப் பெரிய அகராதி போட்டவர். மலையாளத்துக்கு முன்பே அவர் தமிழ் படித்தவர், திருநெல்வேலியிலும் சித்தூரிலும். அந்தச் சித்தூர் ஆந்திராவில் இருப்பது. ஆள் அனுப்பி நம் சித்தூரில் அவர் வீட்டைத் தேட வேண்டாம்.

பேரனுக்குச் சத்ருக்னன் என்று பெயர் வைக்கலாம் என்கிறான் மகன். சத்துரு என்ற சொல் பெயரில் இருக்கலாமா?
– ஒரு பாட்டி, வண்ணாமடை

தாராளமாக இருக்கலாம், அம்மா. சத்துருவைக் கொல்பவன் என்று பொருள். திருச்சூர் மாவட்டத்தில் பாயம்மல் கோயிலே அவருக்குத்தான், கர்க்கடக (நம் ஆடி) மாசத்தில் நாலம்பலம், அதாவது ராமர் சகோதரர் நால்வர் கோயிலுக்கும் போகிறவர்கள் கடைசியாக அங்கேதான் தொழுவார்கள். ஜெர்மன்காரர்கள் பெண் குழந்தைக்கே 'ஹெட்விக்' என்று பெயர் வைக்கிறார்கள். அதில் முன்பாதிக்கும் போர், பின்பாதிக்கும் போர் என்றுதான் அர்த்தம். அந்த முன்பாதியையும் நம் சத்துருவையும் பல அறிஞர்கள் ஒரே வேரில் சேர்க்கிறார்கள். நம் சதம் அங்கே ஹுண்டர்ட் ஆன மாதிரி, 'ச' நிற்கிற இடத்தில் 'ஹ'.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிறப்புச் சான்றிதழில் சத்ருக்னன், ஆதாரில் சத்துருக்கனன், மலையாள ரேஷன் கார்டில் வேறு ஓர் எழுத்து என்று ஆகிவிட்டால், நாளைக்கு அவன் பேரில் ஒரு சென்ட் நிலம் எழுதுவதற்குக்கூட இந்த மூவரும் ஒருவரே என்று வில்லேஜ் ஆபீஸில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வர வேண்டும். பெயர் எழுதும் அன்றைக்கே எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.